மூன்றாவது சீட்டு பாக்கியநாதனுக்கு

துலுக்காணத்தின் காரியம் முடிந்த அன்று மத்தியானம், குப்பாயி உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் பந்தியில் சாப்பிட்டவர்கள் கை கழுவும் இடம். செத்துப்போன புருஷனோடு ஒன்றாக வேலை பார்த்த அன்புராஜின் குரல் அங்கே கேட்டது.

"சீட்டு புடிச்ச மனுசன் போய்ட்டாரு, சீட்டும் கூடவே போச்சு. பாக்கியநாதன்தான் பாவம், ஏமாந்துட்டான். ஏலச்சீட்டுக்காரன் ஓடிப்போனா போலீசுக்குப் போலாம். இவரு போன எடத்துக்கு எந்தப் போலீசு போவும்?"

யாரோ சிரித்தார்கள். சொம்புத் தண்ணீர் சலசலத்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த குப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று அவள் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள், பாவம் அழுது ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது பணச் சீட்டு அல்ல, ஓட்டல் பாயிண்ட் சீட்டு. துலுக்காணம், பாக்கியநாதன், அன்புராஜ், பூவராகவன் நால்வரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்ப்ரசர் கம்பெனியில் சர்வீஸ் ஆட்கள். எந்த ஊர் ஆலையில் கம்ப்ரசர் மூச்சை நிறுத்தினாலும் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். தஹேஜ், ஹால்டியா, ஜாம்ஷெட்பூர் என்று வருஷத்தில் பாதி நாள் வெளியூர்ப் படுக்கைதான். அந்த ஊர்களில் எல்லாம் 'நீலாம்பரி' என்ற ஓட்டல் கம்பெனிக்குக் கிளை இருந்தது. தங்கினால் பாயிண்ட் தருவார்கள். பாயிண்ட் நிறைய சேர்ந்தால் அவர்களுடைய மலை ஓட்டலிலோ கடலோர ஓட்டலிலோ காசில்லாமல் தங்கலாம்.

ஆளாளுக்குத் தனித்தனியாகச் சேர்த்தால் எவனுக்கும் நிறையாது, அதற்குள் காலாவதி ஆகிவிடும் என்று முதலில் கண்டுகொண்டவர் துலுக்காணம். நாலு பேருக்கும் எடுக்கிற இரண்டு ரூமையும் ஒரே பேரில் போடுவோம், ஒரே கணக்கில் சேரட்டும், சேரச் சேர முறை வைத்து ஒவ்வொருவன் குடும்பமும் போய் வரட்டும் என்றார். மற்ற மூவரும் அவர் பேரிலேயே போடச் சொன்னார்கள். மூத்தவர், நாணயஸ்தர்.

சீட்டு பிடிக்கிறவருக்கு முதல் சீட்டு என்பது ஊர் வழக்கம். துலுக்காணம் தன்னைக் கடைசியில் வைத்துக்கொண்டார். முதல் சீட்டு பூவராகவன் எடுத்தான். ஏற்காடு போய் வந்தான். இரண்டாவது அன்புராஜ், மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கோவளம் போனான். மூன்றாவது பாக்கியநாதனுக்கு. நாலாவது துலுக்காணத்துக்கு. இதற்கெல்லாம் எழுத்து எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான். அதனால்தான் அன்புராஜின் பேச்சு குப்பாயியை அப்படிச் சுட்டது. எழுத்து இருந்தால் எடுத்துக் காட்டலாம். சொல் மட்டும்தான் என்றால், சொன்னவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் என்றல்லவா ஆகிவிடும்.

பாயிண்ட் சேர்ப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதைக் குப்பாயி புருஷன் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். செல்போனில் வருகிற ரூம் ஆப்பில் போட்டால் ரேட்டு கொஞ்சம் குறையும், ஆனால் பாயிண்ட் வராது. அவர்கள் கணக்கில் நீ ஆப்புக்காரனுடைய ஆள், ஓட்டலுடைய ஆள் இல்லை. கம்பெனியின் டிராவல் ஏஜென்சி மூலம் போட்டாலும் அதே கதை. ஓட்டலுக்கு நேராகப் போன் செய்து மெம்பர் நம்பரைச் சொல்லிப் போட்டால்தான் சேரும்.

குப்பாயிக்கு இது முதல் தடவையே விளங்கிவிட்டது. அவள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். படகு கரை தட்டும்போது நேராகப் போய் மீன் வாங்கினால், படகுக்காரன் மேலே ஒரு கை எறா அள்ளிப் போடுவான். அதே மீனைச் சந்தையில் வியாபாரியிடம் வாங்கிவிட்டு, படகுக்காரனிடம் போய்க் கொசுறு கேட்டால் சிரிப்பான். "இதுக்குப் போயி இவ்ளோ பேச்சா?" என்றாள் அவள். துலுக்காணம் அந்த எறாக் கதையைத்தான் பிறகு எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கம்பெனியில் ஆபீசர் மோகன்ராஜுக்கு இது பிடிக்கவில்லை. ரூம் எல்லாம் ஏஜென்சி மூலம்தான் என்று சுற்றறிக்கை போட்டார். துலுக்காணம் ஆப்பில் காட்டுகிற ரேட்டை ஓட்டல்காரனிடம் சொல்லி, பேசிப் பேசி அதே ரேட்டுக்குப் படிய வைத்துவிட்டு, மோகன்ராஜின் மேசை முன் போய் நின்றார். கம்பெனிக்கு ஒரு பைசா கூடவில்லை, அப்புறம் உங்களுக்கு இன்னா சார் பேஜாரு என்று கேட்டார். தினம் போய் நின்றார். இந்த ஆள் நிற்கிற நேரத்தில் இரண்டு கம்ப்ரசரைக் கழற்றி மாட்டியிருக்கலாம் என்று மோகன்ராஜே அலுத்து, எப்படியோ போட்டுத் தொலையுங்கள் என்றார்.

கடைசியாக விசாகப்பட்டினத்தில் அவசர வேலை. பேசுவதற்கு நேரமில்லாமல் ஆபீசே ஏஜென்சி மூலம் ரூம் போட்டுவிட்டது. அங்கிருந்து துலுக்காணம் போனில் புலம்பினார். "இந்தத் தபா தங்கினது வீண், குப்பாயி. ஒரு பாயிண்ட் ஏறாது. இல்லன்னா இன்னிக்கே பாக்கியநாதனுக்கு ரொம்பி இருக்கும். பரவால்ல, அடுத்த வேலையில ரொப்பிடலாம்."

திரும்பி வருகிற வழியில், சூலூர்ப்பேட்டையில் லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்த பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். அடுத்த வேலை என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

குப்பாயி என்ற பெயர் அவளுக்கு ஏன் வந்தது என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பை என்றே பெயரும் வைத்தார்கள். எமனே பார்த்தாலும் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று. அப்படி எமனுக்கே வேண்டாம் என்று சொல்லி நிறுத்தப்பட்டவள், பிறகு எதற்குப் பயப்படுவாள்? எறா உரிக்கும் கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க வேலை பார்த்தாள். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டி வந்தபின் தேர்வாய் கண்டிகைக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். மேற்பார்வையாளன் ஒருவன் பெண்களை வாடி போடி என்று கூப்பிட்டபோது, அவனையும் வாடா போடா என்று கூப்பிட்டுப் பார்த்து அந்தப் பழக்கத்தை நிறுத்தியவள் அவள்தான்.

காரியம் முடிந்த மறுவாரம் மகள் கவிப்பிரியா வேப்பம்பட்டிலிருந்து வந்தாள். பி.காம். படித்தவள், ஆவடியில் வேலை. நீலாம்பரியின் போன் நம்பரைப் பிடித்து, அப்பா இறந்த சான்றிதழை அனுப்பி, கணக்கிலிருந்த பாயிண்டை அம்மா பேருக்கு மாற்றச் சொல்லி விடாமல் பேசினாள். மாற்றித் தந்தார்கள். மகள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பாக்கியநாதனுக்கென்று பேசியிருந்த ஊட்டி ஓட்டலில் இரண்டு ராத்திரிக்கு வேண்டியதில் கொஞ்சம் குறைந்தது. ஒரே ஒரு ராத்திரி எங்காவது தங்கினால் வருகிற அளவு.

விசாகப்பட்டினத்தில் தங்கியதைச் சேர்க்கச் சொல் என்றாள் குப்பாயி. அது ஏஜென்சி வழியாக வந்தது, சேராது என்றார்கள். சரி, குறைகிற பாயிண்டைக் காசுக்கு விற்பீர்களா என்று கேட்கச் சொன்னாள். விற்பதில்லை. இலவச ரூமுக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆனால் பாயிண்ட் ஏற வேண்டுமென்றால் மெம்பரே வந்து, காசு கொடுத்துத் தங்க வேண்டும் என்றது அந்தக் குரல்.

"மெம்பர் யாரு இப்போ?" என்று குப்பாயி கேட்டாள்.

"நீதாம்மா."

பாக்கியநாதனும் அவன் மனைவி ஹெலனும் செவ்வாப்பேட்டையிலிருந்து கிளம்பி வந்தார்கள். சேதி கேள்விப்பட்டு, வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார்கள். அண்ணனே போய்விட்டார், கெட்ட கேட்டுக்கு ஊட்டி ஒன்றுதான் குறைச்சலா என்றான் பாக்கியநாதன். ஹெலன் குப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் துலுக்காணம் அவளிடம், மூணாவது சீட்டு உன் ஊட்டுக்குத்தாம்மா, குளுருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வெச்சிக்கோ என்று சொன்னதும், அவள் திருவள்ளூர் நடைபாதைக் கடையில் ஊதா நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கியதும், இந்த ஊர் வெயிலில் அதை யாரும் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பீரோவில் அந்துருண்டை போட்டு ஒளித்துவைத்திருப்பதும் குப்பாயிக்குத் தெரியும்.

"ஸ்வெட்டரு இருக்குதா, யாருக்கனா குடுத்துட்டியா?"

"இருக்குது அண்ணி."

"எடுத்து வெயில்ல போடு. அந்துருண்டை நாத்தம் போவட்டும்."

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, கல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்தில் நீலாம்பரியின் கிளை ஒன்று இருந்தது. வெளிநாட்டு இன்ஜினியர்களுக்காகக் கட்டியது. குப்பாயி கம்பெனி பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டித்தான் போவாள். அங்கே ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவு செய்தாள். மகள் செல்போனைத் தட்டி, ஆப்பில் போட்டால் எவ்வளவோ குறைகிறதே அம்மா என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க அப்பன் இருந்திருந்தா உன்ன ஊட்ட உட்டே தொரத்தி இருப்பாரு," என்றாள் குப்பாயி. காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சிரித்தது அப்போதுதான். பிறகு நேராக ஓட்டலுக்கே போன் போட்டு, பேர், மெம்பர் நம்பர், ஊர் எல்லாம் குப்பாயியே சொன்னாள். மகள் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து, கட்டைப்பையில் மாற்றுப் புடவையோடு ஓட்டல் வாசலில் இறங்கினாள். கவுண்டரில் இருந்த பையன் டை கட்டியிருந்தான். சிரித்த முகமாக ஆதாரை வாங்கியவன், விலாசத்தைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டான்.

"சாரி மேடம். லோக்கல் ஐடிக்கு ரூம் குடுக்கறதில்ல."

"போன்ல ஊரு கேட்டீங்க. கும்மிடிப்பூண்டின்னு சொன்னேன். அப்போ கும்மிடிப்பூண்டி எங்க இருந்துச்சு, காசியிலயா?"

ரூல் என்றான் பையன். உள்ளூர்க்காரர்கள் எதற்கு ஓட்டலுக்கு வருவார்கள், ஏதாவது வம்பு வரும் என்று முதலாளிகள் பயப்படுகிறார்கள் என்றான். தனியாக வந்திருக்கிற பெண் வேறு. பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு நல்லது செய்கிறவன்போல ஒரு யோசனை சொன்னான். ரூம் ஆப்பில் லோக்கல் ஐடிக்கும் சரி என்று ஒரு வசதி இருக்கிறது. இதே ஓட்டலை இங்கேயே நின்று அதில் போட்டுவிட்டால் அவன் தலைவலி தீர்ந்தது. ரேட்டும் குறைவு.

"பாயிண்ட் ஏறுமா?"

"அது ஏறாதும்மா. ஆனா ரூம் கெடச்சிடுமே."

"ரூமு யாருக்கு வேணும்? எனுக்கு ஊடு இல்லியா?" என்றாள் குப்பாயி. போய் வாசலுக்கு நேரே இருந்த சோபாவில் உட்கார்ந்து, கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அது கெஸ்டுகளுக்கான சோபா என்று பையன் வந்து மெல்லச் சொன்னான். நான் இன்னா மீன் விக்கவா வந்தேன், நானும் கெஸ்டுதான் என்றாள். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு கவுண்டரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை பையனைத்தான் அதிகம் நெளிய வைத்தது. கடைசியில் அவன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான்.

மேனேஜர் கல்பனா நடுவயதுக்காரி. சோபாவில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். இவ்வளவு பக்கத்தில் வீடு இருக்கும்போது எதற்காக ஓட்டலில் தங்க வேண்டும், வீட்டில் ஏதாவது பிரச்சினையா, காரணம் சொன்னால் உதவி செய்யலாம் என்றாள்.

குப்பாயியின் தொண்டை வரை எல்லாம் வந்தது. புருஷன் செத்தது, சூலூர்ப்பேட்டை பெஞ்சு, சீட்டு, கை கழுவும் இடத்துப் பேச்சு. சொன்னால் இந்த அம்மா இரக்கப்படுவாள், ரூமும் கிடைக்கும். ஆனால் அந்த இரக்கத்துக்காக அவரை இந்தப் பளிங்குத் தரையில் கிடத்திக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அப்போது கவுண்டரில் பெட்டியோடு வந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சாவி அட்டை வாங்கிக்கொண்டிருந்தார். குப்பாயி அவரைக் கண்ணால் காட்டினாள்.

"அவர எதுக்கு வந்தீங்கன்னு கேட்டியாம்மா?"

கல்பனா திரும்பிக் கவுண்டரைப் பார்த்தாள்.

"அவர கேட்டுட்டு வா. அவரு சொன்னா நானும் சொல்றேன். துட்டு குட்க்கறேன், ஆதார் குட்த்துட்டேன், நீங்களே போன்ல சரின்ட்டீங்க. இதுக்கு மேல காரணம் வேற சொல்லணும்னா, வாசல்லயே எழுதி மாட்டு."

கல்பனா எழுந்து போய் பையனிடம், போனில் உறுதி செய்தது நாம்தானே, உறுதி செய்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் நமக்குத்தான் அசிங்கம் என்று சொல்லி, சாவி அட்டையைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். குப்பாயி வாங்கிக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள், என் மெம்பர் நம்பர் ஏறிச்சா என்று. ஏறியிருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டினான் பையன்.

ரூம் இருட்டாக இருந்தது. சுவிட்சைத் தேடித் தடவவில்லை. அட்டையைக் கதவோரச் சந்தில் சொருகினால்தான் விளக்கு எரியும் என்று துலுக்காணம் சொல்லியிருக்கிறார். சொருகினாள். எரிந்தது. குளியலறையில் சின்னச் சோப்பு இருந்தது. அதே சோப்பு. கவிப்பிரியாவைப் பள்ளிக்கூட நாளெல்லாம் அவர் கொண்டுவந்த அந்தச் சோப்பில்தான் குளிப்பாட்டினாள். குழந்தை ஓட்டல் வாசனையோடு வளர்ந்தாள். குப்பாயி சோப்பைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டாள். கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் படுத்தாள். அழுகை வந்தபோது அதைத் தடுக்கவில்லை. காசு கொடுத்த ரூம், கேட்க ஆளில்லை.

காலையில் நாஷ்டா ரூம் வாடகையிலேயே சேர்த்தி. பொங்கலும் வடையும் நிதானமாகச் சாப்பிட்டாள். பின்பக்கமாகவும் ஒரு வழி இருப்பதைக் கண்டாள். அந்தப் பக்கம் போனால் தெருவில் யாருக்கும் தெரியாது. கம்பெனி பஸ் வருகிற நேரம் பார்த்து, முன்வாசல் வழியாகவே இறங்கி நடந்து, ஓட்டலின் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று கையைக் காட்டினாள். பஸ்ஸில் இருந்த முகங்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டன.

சாயங்காலம் அவள் திரும்பும் முன்பாகவே சேதி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. துலுக்காணத்தின் அக்கா கங்கம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். வருஷம் கூடத் திரும்பவில்லை, தாலி கழற்றின கழுத்தோடு ஓட்டலில் போய்ப் படுத்துவிட்டு வருகிறாயா, ஊர் என் தம்பியை என்ன பேசும் என்று தெரு கேட்கக் கத்தினாள்.

"ஊரு அவர ஏற்கனவே பேசிட்ச்சி, அக்கா," என்றாள் குப்பாயி. "சீட்ட துன்னுட்டுப் போய்ட்டாருன்னு, காரியத்து சோத்த துன்னுகினே பேசிட்ச்சி. அப்போ நீ எங்க இருந்த? அவர பேசறதுக்கு பதிலா என்னிய பேசட்டும். என்னிய பேசிப் பேசி அலுத்துப் பூடும்."

தம்பியைத் திருடன் என்று யார் சொன்னது என்று மட்டும் கங்கம்மா கேட்டாள். பேரைச் சொன்னதும் அவள் திரும்பி நடந்த வேகத்தைப் பார்த்தால், அன்புராஜின் வீட்டுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது. குப்பாயி தடுக்கவில்லை.

சில நாளில் பாயிண்ட் ஏறியது. அந்த ஆயுத பூஜை விடுமுறையில் பாக்கியநாதனும் ஹெலனும் ஊட்டி போனார்கள். ஹெலன் அங்கிருந்து வீடியோ காலில் வந்தாள். ஊதா ஸ்வெட்டரின் கழுத்து வரை பட்டன் போட்டிருந்தாள். பின்னால் பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒண்ணுமே தெரியல அண்ணி, அவ்ளோ நல்லா இருக்குது என்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்புராஜ் வந்தான். கையில் ஆப்பிள் பை. கங்கம்மா அவனிடம் என்ன பேசினாளோ, வாசற்படியிலேயே நின்றான். ஏதோ வாய்தவறி வந்த பேச்சு, அண்ணன் மேல் அவனுக்கு எவ்வளவு மரியாதை என்று ஆரம்பித்தான். குப்பாயி நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் கேட்டாள்:

"சீட்டு முடிஞ்சிட்சா?"

"அதான் பாக்கியநாதன் எட்த்துட்டானே அண்ணி. முடிஞ்சிட்ச்சி."

"நாலு பேரு சீட்டு. மூணு பேருதான் எட்த்து இருக்கீங்க."

அன்புராஜ் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"நாலாவது சீட்டு அவருது. அவரு ரொப்பின கணக்குல நீ கோவளம் போயி வந்த. இனிமே நீங்க ரொப்புங்க. உன் பேர்லயே போடு, பரவால்ல. உன்ன நான் நம்பறேன்," என்றாள். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். "ரொம்பின அன்னிக்கு வந்து சொல்லு. நானும் கவியும் கன்னியாகுமரி போறோம்."

அவன் ஆப்பிள் பையைப் பிடித்தபடியே தலையாட்டினான்.

அந்த வாரமே அவர்களுக்கு ஹால்டியாவில் வேலை வந்தது. சென்டிரல் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, ஆப்பில் ரூம் மலிவாக இருக்கிறது, தட்டட்டுமா என்று பூவராகவன் கேட்டானாம். அன்புராஜ் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஹால்டியா ஓட்டலுக்கு நேராகப் பேசி, பாயிண்ட் ஏறுமா, ஏறுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். பாக்கியநாதன் வந்து சொன்னான். ரேட்டுக்கும் பேரம் பேசினானா என்று குப்பாயி கேட்டாள். பேசினான் என்றான் பாக்கியநாதன். அண்ணன் மாதிரி வரவில்லை, ஆனால் பேசினான்.

"பழகிக்குவான்," என்றாள் குப்பாயி.